‘தி சீ வுல்வ்ஸ்’: கப்பல் நிஜம், தீ நிஜம், ரேடியோதான் இடிக்கிறது

கேள்வி இதுதான்: “1980-ல் வந்த ‘தி சீ வுல்வ்ஸ்’ படம் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் கோவாவில் நடந்த உண்மைக் கதை என்கிறார்கள். நிஜமாகவே நடந்ததா? 1944-ல் பம்பாய் டாக்கில் கப்பல் வெடித்ததும் உளவாளிகளின் நாசவேலைதான் என்று தாராவியில் இருக்கும் என் தாத்தா அடித்துச் சொல்கிறார். அதுவும் சரியா?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் உண்மை, அதைத் தாக்கப் போன தொப்பைக்காரர்கள் உண்மை, தீ உண்மை. படத்தில் நடிகர் ராஜர் மூருக்கு வரும் காதல் புருடா. அந்தக் கப்பலிலிருந்து ரகசிய ரேடியோவில் தகவல் போயிற்று என்ற விஷயம் எனக்கு இடிக்கிறது. தாத்தா சொன்னது தவறு, ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் பம்பாயில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள், என் அப்பா உட்பட.

நான் சினிமா விமர்சகன் இல்லை. வியாபாரக் கப்பல்களில் இருபத்திரண்டு வருடம் ரேடியோ ஆஃபீசராக இருந்தவன். கப்பலில் எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ‘மார்க்கோனி சாப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். 1999 பிப்ரவரியில் சாட்டிலைட் முறை முழுதாக அமலுக்கு வந்ததும் எங்கள் உத்தியோகமே கடலிலிருந்து காணாமல் போயிற்று. இப்போது செம்பூரில் ஓய்வு. அதனால் இந்தப் படத்தை நான் பார்க்கும் கோணம் கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தை முதலில் பார்த்ததே கப்பலில்தான். அப்போதெல்லாம் கப்பலுக்கு 16 எம்.எம். படப்பெட்டிகள் வரும். புரொஜெக்டர் ஓட்டுவது மார்க்கோனி சாப் தலையில் விழும், ‘எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவன்தானே’ என்று. ஒரே புரொஜெக்டர் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில்தான் நிஜமான விமர்சனம் நடக்கும். கடைசி ரீலுக்கு முன்னால் எங்கள் சீஃப் இன்ஜினியர், ரத்னகிரிக்காரர், எழுந்து நின்று சொன்னார்: “இந்தக் கப்பலை வெளியாள் யாரும் மூழ்கடிக்க முடியாது. உள்ளே இருப்பவன்தான் முடியும்.” சரித்திரம் படிக்காமலே அவர் சரித்திரத்தைச் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, நடந்தது என்ன?

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும், இந்தியப் பெருங்கடலில் இருந்த ஜெர்மன் வணிகக் கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படையிடம் சிக்காமல் நடுநிலைத் துறைமுகங்களுக்கு ஓடின. கோவா போர்த்துகலிடம் இருந்தது, போர்த்துகல் போரில் சேரவில்லை. அதனால் ஹான்சா கம்பெனியின் எஹ்ரன்ஃபெல்ஸ், டிராக்கன்ஃபெல்ஸ், பிரௌன்ஃபெல்ஸ் என்ற மூன்று கப்பல்கள் மர்மகோவாவில் வந்து நங்கூரம் போட்டன. பிறகு இத்தாலியும் போரில் குதிக்கவே, அன்ஃபோரா என்ற இத்தாலியக் கப்பலும் அங்கேயே மாட்டிக்கொண்டது. அப்படியே மூன்றரை வருடம் நின்றன.

மூன்றரை வருடம் என்று எழுதுவது சுலபம். மர்மகோவாவில் இரும்புத் தாது ஏற்றக் காத்திருந்து ஒருமுறை பத்தொன்பது நாள் வெளித்துறையில் நங்கூரத்தில் கிடந்திருக்கிறேன். கரை கண்ணுக்குத் தெரியும், ராத்திரியானால் வாஸ்கோ விளக்குகள் மினுக்கும், நாம் மட்டும் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருப்போம். பத்தாம் நாள் சமையல்காரனுக்கும் செகண்ட் மேட்டுக்கும் ஊறுகாய் பாட்டில் ஒன்றைப் பற்றிக் கைகலப்பு. அந்த ஜெர்மானியர்களாவது கரைக்குப் போய்வர முடிந்தது. ஆனாலும் சம்பளம் ஒழுங்காக வராமல், ஊர்ச் செய்தி கிடைக்காமல், அடுத்த துறைமுகம் எது என்றே தெரியாமல் மூன்று மழைக்காலம். படத்தில் அவர்கள் விறைப்பான நாஜி மாலுமிகளாக வருகிறார்கள். துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தே மூன்று வருடத்தை ஓட்டிய வணிகக் கப்பல் ஆட்கள் அவர்கள். நானாக இருந்தால் அங்கிருந்தே கதையை ஆரம்பித்திருப்பேன்.

பிரிட்டிஷ் தரப்பு வாதம் இதுதான்: எஹ்ரன்ஃபெல்ஸில் ரகசிய டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, நேசநாட்டுக் கப்பல்கள் எப்போது எந்தப் பக்கம் போகின்றன என்ற தகவல் அதன் வழியாக ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் போகிறது. இதைக் கவனிக்கும் பொறுப்பு, நாசவேலைக்கென்றே சர்ச்சில் காலத்தில் உருவான எஸ்.ஓ.இ. அமைப்பின் இந்தியக் கிளையிடம் வந்தது. மீரட்டில் இருந்து இயங்கிய கிளை அது. அதில் இருந்த லூயிஸ் பியூ என்ற அதிகாரி, கேவின் ஸ்டூவர்ட் என்ற இன்னொருவருடன் 1942 கடைசியில் கோவாவுக்குள் காரில் போய், ஜெர்மன் ஒற்றர் என்று கருதப்பட்ட ராபர்ட் கோக்கைக் கடத்திக்கொண்டு வந்தார். அப்படியும் கப்பல்கள் மூழ்குவது நிற்கவில்லை என்றதும் கப்பலையே குறிவைத்தார்கள்.

அங்கேதான் சிக்கல். நடுநிலை நாட்டுத் துறைமுகத்துக்குள் ராணுவத்தை அனுப்ப முடியாது. அதுவும் போர்த்துகல், இங்கிலாந்தோடு 1373-லிருந்து உடன்படிக்கை வைத்திருக்கும் நாடு. மாட்டினால் மானம் போகும். யூனிஃபார்ம் போடாத ஆள் வேண்டும், ஆனால் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும்.

கிடைத்தவர்கள் கல்கத்தா லைட் ஹார்ஸ். பெயர்தான் குதிரைப்படை. கடைசியாகச் சண்டை பார்த்தது நாற்பது வருடம் முன்னால், தென்னாப்பிரிக்காவில் போயர் போரில். 1943-ல் அது ஏறக்குறைய ஒரு கிளப். சணல் வியாபாரிகள், கணக்காளர்கள், கம்பெனி மேலாளர்கள் என்று நடுவயது வெள்ளைக்காரர்கள் சாயங்காலம் கூடிக் குடிக்கும் இடம். அவர்களோடு கல்கத்தா ஸ்காட்டிஷ் படையிலிருந்தும் சிலர். மொத்தம் சுமார் இருபது பேர். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில் ஏதோ பயிற்சி முகாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

படகு விஷயம் இன்னும் அழகு. அதன் பெயர் ஃபீபி. ஹூக்ளி ஆற்றில் தூர்வாரிய சேற்றைச் சுமந்துபோய்க் கடலில் கொட்டும் ஹாப்பர் பார்ஜ். வயிற்றில் கதவு இருக்கும், திறந்தால் சேறு கீழே விழும், அவ்வளவுதான் அதன் திறமை. கடலோட்டத்துக்குச் செய்த கலமே அல்ல. அதை இலங்கையைச் சுற்றிக் கொச்சிக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானோர் ரயிலில் கொச்சிக்கு வந்து ஏறிக்கொண்டார்கள். கல்கத்தாவிலிருந்து கொச்சிக்கு ரயில் என்றால் நம்மூர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஜோலார்பேட்டையில் இறங்கிக் காபி குடித்தார்களோ என்னவோ, எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

1943 மார்ச் 9 ராத்திரி. கோவாவில் திருவிழாக் கொண்டாட்டம். முன்கூட்டியே ஆள் அனுப்பி, பணத்தை வாரி இறைத்து, துறைமுகத்து மாலுமிகள் முடிந்தவரை கரையில் கேளிக்கையில் இருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். படம் இதைக் கொஞ்சம் கண்ணடித்துக்கொண்டே காட்டுகிறது, ஆனால் நடந்ததுதான். எல்லோரும் இறங்கவில்லை. ஃபீபி பக்கத்தில் போய் ஒட்டி, ஆட்கள் ஏறியபோது எஹ்ரன்ஃபெல்ஸில் காவல் இருந்தது. கைகலப்பில் கேப்டன் ரோஃபர் இறந்தார். ஏறியவர்களின் எண்ணம் முடிந்தால் கப்பலைக் கைப்பற்றுவது. ஜெர்மானியர்கள் இப்படி ஒரு ராத்திரிக்காக முதலிலிருந்தே தயாராக இருந்தார்கள். தீ வைத்தார்கள், கீழே வால்வுகளைத் திறந்துவிட்டார்கள்.

இங்கே எங்கள் சீஃப் இன்ஜினியரின் பாடம். கப்பலின் இன்ஜின் குளிர்வதற்குக் கடல்நீர் வேண்டும். அதற்காகத் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே அடிப்பாகத்தில் பெரிய வால்வுகள் இருக்கும். அதை ஒட்டிய குழாயின் மூடியைக் கழற்றிவிட்டு வால்வைத் திறந்தால் கடல் உள்ளே வரும். எந்த மூடி, எத்தனை போல்ட், எந்த ஸ்பானர் என்பதெல்லாம் அந்த இன்ஜின் ரூமில் புழங்கியவனுக்குத்தான் தெரியும். போல்ட்டை முன்கூட்டியே தளர்த்தி வைத்திருந்தால் நிமிடக் கணக்கு. வெளியாள் வந்தால் இருட்டில் குழாயைத் தடவிக்கொண்டு நிற்பான். ஆக, அன்றைக்கு எஹ்ரன்ஃபெல்ஸை மூழ்கடித்தவர்கள் அதன் சொந்த மாலுமிகள். அது எரிவதைப் பார்த்ததும், பிரிட்டிஷ் படையே வந்துவிட்டது என்று நினைத்து மற்ற மூன்று கப்பல்காரர்களும் தங்கள் கப்பல்களுக்குத் தாங்களே தீ வைத்து மூழ்கடித்தார்கள். ஏறியது ஒரு கப்பலில், போனது நான்கு. கல்கத்தா கனவான்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

போர்த்துகீசியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கரையேறிய ஜெர்மானியர்களையும் இத்தாலியர்களையும் பிடித்து, தங்கள் கப்பலைத் தாங்களே எரித்த குற்றத்துக்கு வழக்குப் போட்டார்கள்! வெளியிலிருந்து யாரும் வந்ததாகப் பேச்சே இல்லை. லண்டனுக்கும் அதுவே வசதி. அந்த வருடம் ஆகஸ்டில்தான் அசோர்ஸ் தீவுகளில் தளம் அமைக்கப் போர்த்துகல் பிரிட்டனுக்குச் சம்மதம் கொடுத்தது. அட்லான்டிக்கில் நீர்மூழ்கிகளை வேட்டையாட அது பெரிய வரம். நடுவில் கோவா விஷயம் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதே அக்டோபரில் மர்மகோவாவில், அமெரிக்கர் கையிலிருந்த ஜப்பானியரும் ஜப்பானியர் கையிலிருந்த அமெரிக்கரும் கிரிப்ஸ்ஹோம், தெய்யா மாரு என்ற இரண்டு கப்பல்களில் வந்து இடம் மாறிக்கொண்டார்கள். நடுநிலைத் துறைமுகம் என்பது எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

போனவர்களுக்குப் பதக்கம் கிடையாது, பேசவும் கூடாது. 1978-ல் ஜேம்ஸ் லீசர் புத்தகமாக எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டே வருடத்தில் படம்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்ரூ மெக்லாக்லன் இயக்கம். பியூவாக கிரெகரி பெக், ஸ்டூவர்ட்டாக ராஜர் மூர், லைட் ஹார்ஸின் கர்னல் கிரைஸாக டேவிட் நிவன், கூட ட்ரெவர் ஹோவர்ட். நிவனுக்கு எழுபது வயது, பெக்குக்கு அறுபத்து மூன்றைத் தாண்டியாயிற்று. நிஜ பியூ அந்தச் சமயம் முப்பதுகளில் இருந்தவர். ஆனால் இதில் எனக்குக் குறையில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஏணி ஏறுபவர்களைப் பார்க்கும்போது படம் சொல்ல வந்தது தானாகவே வந்துவிடுகிறது. குறை ராஜர் மூரிடம். அவர் எந்தப் படத்தில் நடித்தாலும் பாண்ட் படத்திலிருந்து பாதியில் எழுந்து வந்தவர் மாதிரியே இருப்பார். மிஸஸ் குரோம்வெல் என்ற ஒற்றர் அழகி முழுக்கக் கற்பனை. அந்தக் காட்சிகளில் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வரலாம், கதை உங்களுக்காகக் காத்திருக்கும். கோவாவிலேயே எடுத்திருக்கிறார்கள் என்பதால் வெளிச்சமும் தென்னையும் சரியாக இருக்கின்றன. இந்தியர்கள் மட்டும் பெரும்பாலும் தட்டு ஏந்துபவர்களாகவே வந்துபோகிறார்கள். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் கரி அள்ளிய லஸ்கர்கள், அதாவது நம்மூர் மாலுமிகள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். எந்த லைட் ஹார்ஸ்காரரும் அவர்களைவிட அதிகமாக நீர்மூழ்கிக்குப் பயந்திருக்க முடியாது.

இப்போது ரேடியோ. இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிலில் பேசுவது கொஞ்சம், கேட்பது அதிகம். ரேடியோ ரூம் கடிகாரத்தின் முகத்தில் சிவப்பில் இரண்டு கூறுகள் வரைந்திருக்கும். ஒவ்வொரு மணியிலும் 15-லிருந்து 18-வது நிமிடம் வரை, 45-லிருந்து 48 வரை. அந்த மும்மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸில் உலகத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்காவது ஒருவன் பலவீனமாக எஸ்.ஓ.எஸ். அடித்துக்கொண்டிருந்தால் அது காதில் விழ வேண்டும் என்பதற்காக. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த மௌனத்தைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

போர்க்கால ஒற்றனுக்கு இந்த மௌனம் இன்னும் முக்கியம். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பது ரேடியோக்காரனுக்கென்றே சொன்ன பழமொழி. நீங்கள் மோர்ஸில் தட்ட ஆரம்பித்த நொடியில், வளைய ஏரியலைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரிக்கு உங்கள் திசை தெரியும். இரண்டு இடங்களிலிருந்து இரண்டு திசை கிடைத்தால், கோடுகள் வெட்டும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். டெல்லி ஆனந்த் பர்பத்தில், ராம்ஜஸ் கல்லூரிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு, ஒட்டுக்கேட்பதற்கென்றே பிரிட்டிஷார் ஒரு பெரிய மையம் நடத்தினார்கள். அதன் மேற்குக் கிளை பெங்களூரில் இருந்தது. நகராமல் ஒரே இடத்தில் மூன்று வருடம் நிற்கும் கப்பலிலிருந்து தினசரி அடித்தால் கண்டுபிடிக்க அதிகம் கஷ்டப்பட வேண்டாம்.

அனுப்பவே முடியாது என்று சொல்லவில்லை. கப்பலின் இரண்டு பாய்மரங்களுக்கு நடுவே நீளமாக ஏரியல் கம்பி ஏற்கெனவே இருக்கிறது. ஐம்பது வாட் ஷார்ட்வேவ் டிரான்ஸ்மிட்டர், பாட்டரி, ராத்திரி நேரம், அனுபவமுள்ள விரல் இருந்தால் பல ஆயிரம் கிலோமீட்டர் போகும். என் சந்தேகம் வேறு. முதலாவது, ஜெர்மன் நீர்மூழ்கிகளை அவற்றின் தளபதி டோனிட்ஸின் தலைமையகம் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைத்தது. கோவாவில் இருப்பவன் நேரே நீர்மூழ்கியோடு பேசுவது அந்த முறையில் பொருந்தவில்லை. தகவல் ஜெர்மனிக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். இரண்டாவது, 1943 தொடக்கத்தில் இந்தப் பெருங்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேட்டையாடியது பெரும்பாலும் தென்னாப்பிரிக்கக் கரைப் பக்கம். அவை அரபிக்கடலுக்குக் கூட்டமாக வந்தது அந்த வருடப் பிற்பாதியில், ‘மான்சூன்’ குழு என்ற பெயரில், பினாங்கைத் தளமாக வைத்துக்கொண்டு. அதாவது எஹ்ரன்ஃபெல்ஸ் கடலடிக்குப் போன பிறகு! மூன்றாவது, பம்பாயிலிருந்து எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று நானூறு கிலோமீட்டர் தள்ளி நங்கூரத்தில் கிடப்பவனுக்கு எப்படித் தெரியும்? பம்பாயில் இன்னொரு ஆள் வேண்டும், அவன் செய்தி கோவா போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் அறுந்துபோகக்கூடியது.

அதனால் ‘ரேடியோ ஒழிந்தது, கப்பல்கள் பிழைத்தன’ என்று படம் போடும் கணக்கை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் நம்பித்தான் போனார்கள், அதில் சந்தேகமில்லை. நம்பிக்கை சரியா என்பது வேறு கேள்வி. போர்க்கால உளவு வேலையில் பாதிக்கு மேல் இப்படித்தான், காதில் விழுந்த ஒன்றை வைத்துக்கொண்டு உயிரைப் பணயம் வைப்பது.

நாசவேலை என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், அதே எஸ்.ஓ.இ. கோவாவுக்குப் பத்து நாள் முன்னால் நார்வேயில் செய்த காரியத்தைப் படியுங்கள். 1943 பிப்ரவரி 27 நள்ளிரவு, வெமோர்க் என்ற இடத்தில் ஜெர்மானியர் கையிலிருந்த கனநீர்த் தொழிற்சாலை. அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய கனநீர் அங்கேதான் தயாரானது. முந்தைய நவம்பரில் கிளைடரில் ஆள் அனுப்பி, நாற்பத்தொரு பேர் செத்து, முயற்சி பாழாகியிருந்தது. இந்த முறை போனது நார்வேக்காரர்களே. பனி மூடிய பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபக்கப் பாறையில் ஏறி உள்ளே போனார்கள். தலைவன் யோவாக்கிம் ரோனபெர்க்குக்கு வயது இருபத்து மூன்று. வெடி வைத்தாயிற்று, திரியைப் பற்றவைக்கப் போகும்போது காவலுக்கிருந்த நார்வேக்காரக் கிழவர், “என் மூக்குக்கண்ணாடி எங்கேயோ போய்விட்டது, போர்க்காலத்தில் வேறு வாங்க முடியாது” என்கிறார். வெடி வைக்க வந்தவர்கள் நின்று கண்ணாடியைத் தேடிக் கொடுக்கிறார்கள். அப்புறம்தான் திரி. ஒரு குண்டு சுடவில்லை, ஒருத்தரும் சாகவில்லை, ஐந்நூறு கிலோ கனநீர் சாக்கடையில் போனது. உள்ளூர்க்காரர்களை ஜெர்மானியர்கள் பழிவாங்கக் கூடாது என்று பிரிட்டிஷ் படையினர் பயன்படுத்தும் துப்பாக்கி ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தார்கள்.

1965-ல் கிர்க் டக்ளஸை வைத்து இதை ‘தி ஹீரோஸ் ஆஃப் டெலிமார்க்’ என்று எடுத்தார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. 1948-ல் நார்வேயும் பிரான்சும் சேர்ந்து எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. அதில் போனவர்களில் சிலர் தாங்களாகவே நடித்திருக்கிறார்கள். கிடைத்தால் அதைப் பாருங்கள்.

நம் பக்கம் இப்படிப்பட்ட கதை இல்லையா என்றால், இருக்கிறது. அதைப் படமெடுக்கத்தான் ஆள் குறைவு. பினாங்கில் இந்திய சுதந்திர லீக் நடத்திய பள்ளியில் ஒற்று வேலையும் நாசவேலையும் கற்ற இளைஞர்கள், 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபார் கரையில் தானூரில் இறங்கினார்கள். இன்னொரு குழு குஜராத் கரையில். பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். வக்கம் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். காதருக்கு வயது இருபத்தாறு. கோவாவுக்குப் போனவர்கள் கிளப்புக்குத் திரும்பி ஆறு மாதம் கழிந்திருந்தது. செய்த வேலை ஒன்றேதான், அடுத்தவன் கரையில் ராத்திரியில் திருட்டுத்தனமாக இறங்குவது.

இனி உங்கள் தாத்தா விஷயம்.

1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக். ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல். உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள், கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சு மூட்டைகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், தங்கக் கட்டிகள். பஞ்சையும் வெடியையும் ஒரே கப்பலில் அடுக்கியவனை எந்த ஒற்றன் மிஞ்ச முடியும்? மத்தியானம் புகை தெரிந்தது, தீயணைப்புக்காரர்கள் குழாயோடு ஏறினார்கள், அணைக்க முடியவில்லை. நாலு மணி ஆறு நிமிடத்துக்கு முதல் வெடிப்பு, அரை மணிக்குள் இரண்டாவது. சிம்லாவில் நிலநடுக்கக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது. எண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதில் அறுபத்தாறு பேர் தீயணைப்புப் படையினர்.

அப்பா அப்போது கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீசில் ஸ்டெனோ, மாட்டுங்காவில் மெஸ் சாப்பாடு. டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடி மொத்தமும் மேஜைமேல் வந்து விழுந்ததாம். எழுந்த முதல் சத்தம் “ஜப்பான்காரன் வந்துட்டான்!” அப்படி நினைத்ததில் தப்பில்லை. இரண்டு வருடம் முன்னால்தான் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்து, சென்னையே பாதி காலியானது. அதற்கும் முன்னால், 1914-ல் எம்டன் கப்பல் வந்து சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எவனாவது காரியத்தில் கெட்டிக்காரனாக இருந்தால் அப்பா “சரியான எம்டன்” என்பார். அன்றைக்கு ரயில் இல்லாமல், காலரில் கண்ணாடித் துகளோடு மாட்டுங்கா வரை நடந்தே வந்தாராம்.

சந்தேகத்தை வளர்த்தது சர்க்காரேதான். தணிக்கை போட்டு ஊர்ப் பத்திரிகைகளை வாய் கட்டிவிட்டார்கள். மறுநாளே விவரத்தோடு செய்தி சொன்னது ஜப்பானியர் கையிலிருந்த சைகோன் ரேடியோ. நம் பத்திரிகைகள் எழுத அனுமதி கிடைத்தது மே மாதம். நம்மூரில் வெடித்ததை எதிரியின் ரேடியோ முதலில் சொன்னால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? வெடிக்கச் செய்தவனே அவன்தான் என்று முடிவு கட்டினார்கள். விசாரணையில் நாசவேலைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, விபத்து என்றே முடிவாயிற்று. பஞ்சு மூட்டைக்குள் ஒரு பொறி புகுந்தால் நாள்கணக்கில் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டே இருக்கும், பருத்தி ஏற்றிய எந்த மாலுமியைக் கேட்டாலும் சொல்வான்.

தங்கக் கட்டி ஒன்று, ஒரு மைல் தள்ளி மூன்றாவது மாடியில் ஒரு பார்சிக்காரரின் வராந்தாவில் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. இருபத்தெட்டு பவுண்டு. அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதைத் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள், அதையும் நம்ப மாட்டார்.